கட்டைவிரல் வைத்தியம்

இன்று திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பள்ளிக்கூடம் போகும் தன் மகளிடம் சொன்னாள்: "பல்லு எத்திக்கிட்டு நிக்குது. கட்டவெரலால உள்ள தள்ளுடி."

அந்தப் பிள்ளை தள்ளியதும் ஈறில் ரத்தம் கசிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், என்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று அத்தையும் இதையேதான் செய்யச் சொன்னார். ஈறு வீங்கி வலிக்கிறது என்றேன்.

"வலிச்சாத்தான்டி பல்லு நகரும்."

நகர்ந்தது. பிறகு ஆடியது. பிறகு விழுந்தே விட்டது.

இன்று அந்தப் பிள்ளையிடம் வாயை நன்றாகத் திறந்து அந்த ஓட்டையைக் காட்டினேன். "இந்தா பாரு தாயி, தள்ளுன பல்லு போன எடம். மொதல்ல ஈறை டாக்டர்ட்ட காட்டு. அது ஆறுனாத்தான் கம்பி போட்டுப் பல்லை நகர்த்துவாக."

"அதுவரைக்கும் சிரிச்சா அசிங்கமா இருக்குமே!" என்றாள் பிள்ளை.

"இந்த ஓட்டையோட, பார்க்க வந்தவுக முன்னாடியே வாயைப் பொத்தாமச் சிரிச்சவ நான். கட்டுனவரு இன்னைக்கும் என் சிரிப்புக்குப் பயப்படுறாரு."

பிள்ளை விரலை எடுத்துவிட்டுச் சிரித்தாள். எத்துப்பல் அத்தனையும் தெரிந்தது.

உங்கள் வீட்டில் தள்ளச் சொன்னவர் யார்? வாயைப் பொத்தாமல் சொல்லுங்கள்.