வெயிலுகந்தார் முற்றத்தில் பன்னிரண்டு ஒன்பது

இது நடந்தது. போன ஆவணியில், கிளிநொச்சியில், பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்பி வெளிச்சத்தில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவர்கள் இதை வாசித்துவிட்டு என்னவும் நினைத்துக்கொள்ளட்டும். ரஜிதாவிடம் போய்க் கேட்காதீர்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கதைக்கவே பிடிக்காது.

சந்தைக்குப் பின்னால் வெயிலுகந்தார் கோயில். சூரியனுக்குக் கட்டிய கோயில். கோபுரம் சின்னது, முற்றம்தான் பெரிசு. ஒரு மரம் இல்லை, கூரை இல்லை. சுவாமியின் வாசலில் நிழல் விழக்கூடாதாம். ஊருக்கு அது பெரிய வசதி. விடிய ஆறரைக்கு மஞ்சள்காமாலை பிடித்த கைக்குழந்தைகளைத் தாய்மார் அங்கே வெயிலில் காட்டுவார்கள். ஏழரைக்குப் பிறகு முற்றம் நெல்லுக்கு. சிறுபோகம் வெட்டியதும் சுற்றுவட்டார நெல் முழுக்க அந்தச் சீமெந்துத் தளத்தில்தான் காயும். சைவம், இஸ்லாம் என்று சூரியன் பார்ப்பதில்லை. எதிரே நெல்லுக்கடை வைத்திருக்கும் நிஸாரின் நெல்லும் அங்கேதான். மத்தியானம் கோயில் மணி கேட்டால்தான் சந்தையே சாப்பிடப் போகும்.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் ஊருக்கு நேர் மேலே வரும். பேப்பரில் நிமிடத்தோடு போடுவார்கள். அன்றைக்கு 12.05க்குக் கேற்றைப் பூட்டினால் 12.15க்குத்தான் திறப்பார்கள். அந்தப் பத்து நிமிடமும் முற்றத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது. வெளியே நிற்கிறவர்களும் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான் என்பார்கள்.

ரஜிதாவுக்கு ஒரே பிள்ளை, வினோஜா. கலியாணம் முடித்து ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்தவள். ஐந்து வயது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த ஒழுங்கையில் நிற்கிற துடியாட்டக்காரி. அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் தாய்க்குச் சோறு இறங்காது.

ஆவணியில் சூரியன் நேர் மேலே வந்த அன்றைக்கு, 11.40க்கே ரஜிதா முற்றத்தில் காயவிட்ட தன் நெல்லை அள்ளத் தொடங்கினாள். கால்மாட்டில் வந்து கரைச்சல் கொடுத்த பிள்ளையை, நிஸாரின் கடையில் போய் நில் என்று கலைத்துவிட்டாள். சாக்குகளைக் கட்டி வெளியே இழுத்தபோது 12.04. கோயில் காவல்காரர் நல்லதம்பி கேற்றைப் பூட்டிவிட்டு, பின் ஒழுங்கையில் இருக்கும் மணிக்கூண்டுக்குப் போய்விட்டார். கேற்றின் திறப்புக்கொத்து அவர் இடுப்பில்.

12.06. எல்லோரும் கடைத்தாழ்வாரங்களில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ரஜிதா மட்டும் கேற்றடியில், சாக்குகளுக்குப் பக்கத்தில். அப்போதுதான் நினைவு வந்தது. நெல்லுக்குக் கீழே விரித்த படங்கை உள்ளே விட்டுவிட்டோமே.

திரும்பிப் பார்த்தாள்.

படங்கு கிடந்தது. அதன் நடுவில் வினோஜா குந்தியிருந்தாள்.

அதே பச்சைச் சட்டை. அதே இரட்டைப் பின்னல். சிந்திய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கோடாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ரஜிதா கேற்றுக் கம்பியில் முகத்தை அழுத்தினாள். கூப்பிட்டாள். பிள்ளை நிமிரவில்லை. கத்தினாள். கேற்றைப் பிடித்து உலுக்கினாள். தாழ்வாரத்தில் நின்ற ஒருவரும் திரும்பவில்லை. அவள் சத்தம் அவர்களுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை.

12.08. காகம் ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏ-ஒன்பது றோட்டில் ஒரு வாகனச் சத்தம் இல்லை. நெல்மணி படங்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிக்... டிக்...

அவ்வளவு தூரத்தில் அது எப்படிக் கேட்கும்?

யோசிக்க நேரமில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேற்றில் ஏறினாள். உள்ளே குதித்தாள்.

கால் பொரிந்தது.

ஓடினாள். கொடிமரத்துக்கு நிழல் இல்லை. அவளுடைய நிழலும் பாதத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

பிள்ளையின் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது. பின்னேரம் ஐந்து மணி நிழல்போல.

டாண்...

மணி.

12.09.

பிள்ளையைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. கீழே இருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

"என்ரை பிள்ளை... விடுங்கோ."

டாண்...

விட்டது.

பிள்ளையை அணைத்துக்கொண்டு எப்படி ஓடினாள், எப்படிக் கேற் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்து நிலத்தில் இருந்துவிட்டாள். கேற்றடியில் வினோஜாவின் செருப்பு கிடந்தது. அதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். அந்த வெயிலில் இருந்த உடம்பு, வெறும் காலோடு... பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. ரஜிதா கவலைப்படவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டதே என்று முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வினோஜா நல்ல பிள்ளை. ஓடுவதில்லை. அடம் இல்லை. போட்ட இடத்தில் இருந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பயந்துபோனதால் வந்த குணம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தாய் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நான்காம் நாள் நிஸார் ஆள் அனுப்பினார். ரஜிதா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் முகம் சரியில்லை. கடைக் கமரா கோயில் கேற்றைப் பார்த்தபடி பூட்டியிருந்தது. நெல்லு மூட்டை ஒன்று குறைந்ததால் அதைப் போட்டுப் பார்த்தாராம். அவளை ஒரு மூட்டையில் இருத்திவிட்டுப் போனை நீட்டினார்.

"தங்கச்சி, இதை நீங்கதான் பாக்கோணும். எனக்கு விளங்கேல்லை."

படத்தில் 12.06. ரஜிதா கேற்றுக்குள்ளே பார்க்கிறாள். உள்ளே வெறும் முற்றம். படங்கு கிடக்கிறது. அதில் ஒருவரும் இல்லை.

12.07. நிஸாரின் கடைப்பக்கமிருந்து வினோஜா ஓடி வருகிறாள். பச்சைச் சட்டை. கையில் ஐஸ்பழம். தாய்க்குப் பின்னால் வந்து பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். கேற்றை உலுக்கிக்கொண்டிருந்த ரஜிதா, திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள்.

12.08. ரஜிதா உள்ளே குதிக்கிறாள். வெளியே வினோஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அழுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியில் கால் வைக்கிறாள்.

12.09. படம் முழுக்க வெள்ளை.

படம் தெளிந்தபோது கேற்றுக்கு வெளியே செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே இருந்து ரஜிதா ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ரஜிதாவின் தோளுக்கு மேலால் ஒரு முகம் எட்டிப் போனைப் பார்த்தது. நிஸார் 12.08க்குத் திருப்பிப் போட்டபோதும் பார்த்தது. கம்பியைப் பிடித்து அழுகிற பிள்ளையை நல்லாய் உற்றுப் பார்த்தது.

"அம்மா... ஆர் அந்தப் பிள்ளை?"

நிஸார் போனை நிறுத்திவிட்டார். அவர் பக்கம் பார்க்காமலே ரஜிதா எழும்பினாள்.

"அழிச்சுப்போடுங்கோ, நிஸார் நானா."

பிள்ளை கையை நீட்டியது. குளிர்ந்த, சின்னக் கை. ரஜிதா உடனே பிடிக்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பிடிப்பதற்கு அவளுக்கு அந்தக் கை மட்டும்தான் இருந்தது.