பனிவண்டிக்காரரின் பகல் தூக்கம்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து மேட்டுத் தெருக்களில் இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் வெர்லின். ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அவர் வீட்டுக்கு வருவார். முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுப் படுப்பார். கண்ணை மூடினால் போதும், வண்டி விளக்கின் வெளிச்சத்தில் பனி எதிரே பாய்ந்து வரத் தொடங்கிவிடும். கை தானாக ஸ்டியரிங்கைத் தேடும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கதை. ஒரு விடிகாலையில், தூக்கக் கலக்கத்தில், ஓரமாக நின்றிருந்த காரின் பக்கக் கண்ணாடியை அவர் வண்டி பெயர்த்துவிட்டது. காரில் ஆள் இல்லை. இருந்தும் வீட்டுக்கு வந்ததும் மனைவி லொரெய்னிடம் அதையே இரண்டு தடவை சொன்னார்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் லொரெய்ன், அன்று மாலையே தேவாலயத்தில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"கீழ்த்தளத்துல யோகா சொல்லித் தர்றாங்களாம். நல்லாத் தூக்கம் வருமாம். உன் நேரத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"கர்ப்பிணிங்களுக்காம். டீச்சர்கிட்ட கேட்டுட்டேன், வரச் சொல்லிட்டா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அடுத்த தடவை அந்தக் கார்ல ஆள் இருந்தா?"

அடுத்த வகுப்புக்கு வெர்லின் போய்விட்டார்.

பெரிய வயிறுகளுக்கு நடுவே, தடித்த காலுறையோடு கதவோரம் போய் ஒண்டினார். ட்ரூடி என்ற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இங்க வாங்க. உங்க வயிறும் எங்களுக்குச் சளைச்சதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தூக்கம் வரவில்லை என்று டீச்சர் ஷெல்பி கேட்டபோது, பனி பாய்ந்து வருவதைச் சொன்னார்.

"தடுக்காதீங்க, வரட்டும். மூச்சை மெதுவா வெளிய விடுங்க. ஒவ்வொரு தடவையும் வண்டியோட வேகம் கொஞ்சம் குறையுதுன்னு நினைச்சுக்குங்க."

சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தார். தாடை இத்தனை நாள் இறுகிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. பனி வந்தது. மூச்சை விட விட வண்டி மெதுவானது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. பனி நேராக, ஓசையில்லாமல் தரையில் இறங்கியது.

கண் விழித்தபோது கூடம் காலி. அவர்மேல் யாருடைய கோட்டோ போர்த்தியிருந்தது. வெளியே நடையில் ட்ரூடி கோட் இல்லாமல் வெறும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமேம்மா!"

"மனசு வரல. ராத்திரியெல்லாம் உதைச்ச இந்தப் புள்ளகூட உங்க குறட்டையைக் கேட்டு அடங்கிடுச்சு."

வெர்லின் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு, அவளது காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை ஒரு பொட்டு விடாமல் சுரண்டிக் கொடுத்தார்.

விஷயம் பணிமனைக்கு எட்டிவிட்டது. கூட வண்டி ஓட்டும் ஓர்வில் கேட்டான்: "எத்தனாவது மாசம்டா?"

"ரெட்டைப் புள்ளைன்னு சொல்றாங்க," என்றபடி இவர் வண்டியில் ஏறினார்.

வீட்டிலும் மெல்ல மெல்லத் தூக்கம் பழகியது. சில நாட்களில் பனி அடங்காமல் பாயத்தான் செய்தது. பள்ளி விடுமுறை நாளொன்றில் லொரெய்னும் பக்கத்தில் படுத்துச் சுவரில் காலை வைத்தாள்.

"உன் பாதம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டார் வெர்லின்.

"நாள் முழுக்க நிக்கிறேன்ல. ரொம்ப வருஷமாவே இப்படித்தான்."

ஆளுக்கொரு நேரத்தில் படுத்து எழுந்ததில் அவர் அதைக் கவனித்ததே இல்லை. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பை விடு. நாக்கைக்கூடத் தளர்த்து."

"நாக்கைத் தளர்த்திட்டா உன்னை யாரு திட்டறது?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் அவருக்கு முன்னால் தூங்கிப்போனாள். அவள் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவரும் தூங்கினார்.