பாட்டு வராது மாமி

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கு ஊமை என்றே பெயர். யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பதில் மட்டும் வராது.

அந்தத் தசராவில் அரண்மனை உத்தியோகஸ்தர் வீட்டு மாமி அவளைத் தினமும் பூத்தொடுக்க அழைத்து, கொலுவுக்கு வந்துபோன ஒவ்வொரு வீட்டாரையும் அவளிடம் கிழித்துத் தொங்கவிட்டாள். ஊமைதானே என்ற தைரியம்.

சரஸ்வதி பூஜையன்று அந்த வீடுகளின் பெண்களெல்லாம் மாமியின் கூடத்தில் நிறைந்திருந்தார்கள்.

"ஊமைக்கும் பாட வருமோடி? ஒரு பாட்டுப் பாடேன்," என்று மாமி சிரித்தாள்.

"பாட்டு வராது மாமி. இத்தனை நாளா இவாளைப் பத்தி நீங்க சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. அதைச் சொல்லட்டுமா?"

மாமியின் முகம் வெளுத்தது. தானே எழுந்துபோய்ச் சுண்டலைக் கொண்டுவந்து நீட்டினாள். ஊமை ஒவ்வொரு கடலையாக நிதானமாகத் தின்றாள்.

எனக்கு உள்ளூரப் பரம திருப்தி. வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அவளிடம் நானும் நிறையப் பேசியிருக்கிறேன்.