அத்தானின் சாயாத பம்பு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் போர்வெல் குழிக்குள் தண்ணீர் மோட்டார் இறக்குகிறவர்கள் நிறையப் பேர். அத்தனை பேரும் கோணலாக இறக்குகிறவர்கள். என் அக்கா வள்ளித்தாயின் வீட்டுக்காரர் இசக்கித்துரை ஒருவர்தான் நேராக இறக்குகிறவர். நான் சொல்லவில்லை, அத்தானே சொல்லுவார். கல்யாண வீடு, துட்டி வீடு பார்க்க மாட்டார். உள்ளங்கையைச் செங்குத்தாக நிமிர்த்தி, "நாம இறக்குனா இப்படி நிக்கும். மத்தவன் இறக்குனா..." என்று கையைச் சாய்த்துக் காட்டி ஒரு சிரிப்பு.

அப்பேர்ப்பட்டவருக்கு இதயம் பலவீனப்பட்டு, மதுரையில் நெஞ்சுக்குள் ரத்தத்தைத் தள்ள ஒரு பம்பு வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் எங்களுக்கு விளக்கியிருந்தார். பம்பின் வாய் இதயத்தின் நடுவைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். சாய்ந்து இதயச் சுவர்ப் பக்கம் திரும்பினால் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் ஆளே போய்விடும்.

தோளில் பேட்டரிப் பையோடு ஊருக்கு வந்தார் அத்தான். பம்பு ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் நாடி பிடித்தால் தட்டாது. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. முதல் வேலையாக பாதுஷாவின் டீக்கடையில் அறிவிப்பு: "டாக்டரே அசந்துட்டாருவே. எம்புட்டும் சாய்வு கிடையாது, பாத்துக்கிடும்!"

பாதுஷா பாவம், வெள்ளந்தி. "நேரா இருந்தா ரத்தம் தேங்காதுல்லா அண்ணாச்சி? பொறவு எதுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?" என்று கேட்டுவிட்டார்.

கடையில் இருந்த எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். மோட்டார்க்காரரிடம் கேட்கிற கேள்வியா அது! மறுநாள் அக்கா மாத்திரையை நீட்டியபோது, "சாஞ்சவனுக்குத்தாம்ட்டி அதெல்லாம்" என்று தள்ளிவிட்டார். நான் கத்தினேன். டாக்டருக்குப் போன் செய்யப் போகிறேன் என்றேன்.

"போன் பண்ணுனா இந்த வாசப்படி மிதிக்காதலே!"

"விடுலே, நேராத்தான இருக்குன்னு சொல்லுதாவ" என்றாள் அக்கா. புருஷன் சொல் அவளுக்கு வேதம். நானும் ரோஷக்காரன், போன் செய்யவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா அன்று ரத வீதியில் அவ்வளவு கூட்டம். சிவகிரிக்காரர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு அத்தான் கையை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்த வலது கை தானாகச் சரிந்தது. வாய் கோணியது. தோள் பையில் அலாரம் கத்தியது.

மதுரைக்குக் கொண்டு ஓடினோம். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் சீறினார்.

"பம்பு நேரா இருக்குன்னு..." என்று அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"நேரா இருந்தாலும் மாத்திரை போட்டே ஆகணும்மா. இவருக்கு வேற பம்பு கொஞ்சம் சாஞ்சிருக்கு. சாஞ்சிருக்கு, மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேனே!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கட்டிலையே தூக்கி வீசியிருப்பேன். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஊர்ல சாஞ்ச மோட்டார் கதை எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொன்னியளே. உங்களுது சாஞ்சிருக்குன்னு சொன்னா நானா சிரிப்பேன்?"

அத்தான் உதட்டை அசைத்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. நல்லாயிருந்த இடது கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையைச் செங்குத்தாக நிமிர்த்தினார். அவளைப் பார்த்தபடியே அதைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.