நடுக்கம் நின்றபோது

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. அஜ்மானில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்துகொண்டு லிஃப்டுக்குப் பயப்படுகிறவள் நான். என் கணவரோ துபாயில் கட்டட வேலை நடக்கும் சைட்டில் சேஃப்டி ஆபீசர். எங்கே என்ன ஆபத்து என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் வீட்டில் எதற்கும் அசைய மாட்டார். நான் ஏதாவது புலம்பினால் “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பார். அது போதாவிட்டால் சைட்டில் பழகிய அரபியில் “மாஃபி முஷ்கில்” என்பார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். குக்கர் வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டாலும் இந்த மனிதர் அதைத்தான் சொல்வார்.

அந்தக் கோடை லீவுக்கு ஊருக்குப் போகாமல் இங்கிலாந்து ஏரிகளைப் பார்க்கப் போகலாம் என்றது அவர்தான். அஜ்மானில் கார்க் கதவைத் தொட்டால் கை சுடுகிற மாதம் அது. எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. வளைகுடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். குளிர் என்றால் அவளுக்கு மாலில் இருக்கும் ஏசிதான். சைக்கிளில் ஏரியைச் சுற்றலாம் என்றதும் அப்பாவும் மகளும் சேர்ந்து குதித்தார்கள். நான் ஒருத்திதான் ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் மூன்று சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். வெயில் இதமாக இருந்தது. மகள் ஜீன்ஸும் பருத்தியில் ஒரு தொப்பிச் சட்டையும் போட்டிருந்தாள். விடுதியில் கொடுத்த காலைச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ரெண்டு வாய்கூட உண்ணவில்லை. கணவர் மட்டும் ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நிழல், தண்ணீர், ஓய்வு என்று வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறவர். மயங்கி விழுந்த எத்தனையோ பேரை அவர் கையால் தேற்றியிருக்கிறார். “யல்லா, போலாம்!” என்று கிளம்பினார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அழகே பயமாக இருந்தது. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அஜ்மானில் எந்த நேரத்தில் கீழே இறங்கினாலும் வாட்ச்மேன் இருப்பார், மளிகை கொண்டுவரும் பையன்கள் இருப்பார்கள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் இல்லை. செம்மறி ஆடுகள் மட்டும் எங்களைப் பார்த்தன. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. திரும்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் மகளும் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏரியின் அந்தக் கரைக்குப் போனபோது மழை பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். நாங்கள் வளைகுடாக்காரர்கள். எங்களுக்கு மழை என்பது அபூர்வ விருந்தாளி. அஜ்மானில் நாலு தூறல் விழுந்தால் போதும், எங்கள் கட்டடமே நனைவதற்கென்று கீழே பார்க்கிங்குக்கு இறங்கிவிடும். மழையில் குடை பிடிக்கிறவனை எல்லாரும் விநோதமாகப் பார்ப்பார்கள். மகள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்துச் சுற்றினாள். அவர் வீடியோ எடுத்தார். நானும் சிரித்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்று நான் பயப்படாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

மழை விடவில்லை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஏரியை மறைத்தது. காற்று எழுந்தது. திரும்பிப் போகிற தூரமும் சுற்றிப் போகிற தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர் முன்னால் போனார். நனைந்த துணியோடு எதிர்க்காற்றில் மிதித்தோம். மகளுக்குப் பல் கிட்டியது. ஹேண்டில்பாரே ஆடும் அளவுக்கு நடுங்கினாள்.

“அம்மா, ஐ ஆம் ஃப்ரீஸிங்” என்றாள்.

“மிதிடா கண்ணு, மிதிச்சா சூடாயிடும்” என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் அவள் நடுக்கம் நின்றது. “பாத்தியா, பழகிட்டா” என்றார். எனக்கும் உயிர் வந்தது. கடவுளே, நடுக்கம் நின்றதே என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சைக்கிள் கோணலாகப் போயிற்று. பாதையை விட்டு இறங்கிப் புல்லில் சாய்ந்து விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழவில்லை. “ஸ்கூல் பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டாள். குடித்தவர்கள் பேசுவதுபோல நாக்கு குழறியது. கண் சொருகியது.

அவர் சைக்கிளை வீசிவிட்டு ஓடிவந்தார். பதற்றமே இல்லை. அவருக்குத் தெரிந்த வேலை அது. தூக்கி ஒரு மரத்தடியில் படுக்க வைத்தார். சட்டைக் கழுத்தைத் தளர்த்தினார். கைக்குட்டையை நனைத்து அவள் பிடரியில் வைத்தார். பாட்டிலைத் திறந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். “காலையில சாப்பிடல, அதான் களைச்சுட்டா. காத்து வரட்டும், நீ தள்ளி நில்லு” என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரிந்து செய்ததல்ல. பயம், அவ்வளவுதான். பிள்ளை மயங்கினால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் சட்டைக்குள் கை விட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவுப் பாத்திரம் போல இருந்தது என் மகளின் வயிறு. உயிருள்ள உடம்பு அப்படி இருக்கக் கூடாது.

“ஏங்க, தண்ணி ஊத்தாதீங்க!”

“எனக்குத் தெரியும், நீ சும்மா இரு...”

“வாய மூடுங்க!” என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லாத வார்த்தை. “அவ செத்துட்டு இருக்கா. தொட்டுப் பாருங்க!”

தொட்டுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். எழுந்து பனிமூட்டத்துக்குள் ஓடினார். எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. நான் அவள் ஈரச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, என் ஜாக்கெட்டைத் திறந்து, துப்பட்டாவைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கப் பார்த்தாள். கன்னத்தில் தட்டினேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்றேன். சொன்னாள், தப்புத் தப்பாக. பிறகு அதையும் நிறுத்தினாள். சுற்றிலும் மழைச் சத்தம். அவர் வழி தவறிவிட்டால் இங்கே எங்களை யார் தேடுவார்கள் என்று நினைத்தேன். பெயர் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பயத்தில் என் வாய் ஓயவில்லை. அவள் காதுக்குள் என்னவோ பேசிக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு வண்டியின் வெளிச்சம் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்டி வந்தார், அவர் அருகில் என் கணவர். எங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பண்ணைவீட்டுச் சமையலறையில் இறக்கினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது என்றார் பண்ணைக்காரர். அவர் மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் மகளின் மீதித் துணிகளையும் கழற்றி, கம்பளிகளில் சுருட்டி, என்னையும் உள்ளே தள்ளிச் சேர்த்துப் போர்த்தினாள். கொஞ்சம் தெளிந்ததும் வெதுவெதுப்பான சர்க்கரைப் பாலை வாய் வாயாகக் கொடுத்தாள்.

கம்பளிக்குள் மகள் நடுங்கத் தொடங்கினாள். பல் கடகடவென்று அடித்தது. நான் அலறினேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்து, நடுங்கட்டும், அதுதான் நல்லது, உடம்பு திரும்பி வருகிறது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். என் நெஞ்சுக்கு நேராக அந்தச் சின்ன உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். யாரோ கொடுத்த துண்டு தோளிலேயே கிடந்தது.

“தண்ணி ஊத்தினேன்” என்றார். “அவ பிடரியில நான் தண்ணி ஊத்தினேன்.”

“அப்பா” என்று கூப்பிட்டு மகள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினாள். அவர் வரவில்லை. இரண்டு கையையும் அடுப்புக்கு நேரே பிடித்து, தேய்த்து, மறுபடி பிடித்தார்.

“இருடா கண்ணு. அப்பா கை சில்லுன்னு இருக்கு.”

மகள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். சிவந்து, கொதித்துக்கொண்டிருந்தன.

“சூடாத்தாங்க இருக்கு. போய்த் தொடுங்க” என்றேன்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.