இலவ மரத்தடியில் ஒரு கிண்ணம்

உள்ளறையில் விதைகள் சலசலத்தன.

காய்ந்த காட்டு விதைகளைக் கோத்த பாவாடை அது. இடுப்பில் கட்டி ஓர் அடி எடுத்து வைத்தால், ஓலைக்கூரையில் தூறல் விழுவது போலச் சத்தம் வரும். புருஷன் இறந்த பிறகு அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. முன்னறையில் மரவள்ளி மாவில் சிச்சா பானம் கரைத்துக்கொண்டிருந்த பெர்த்திலாவின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

எதிரே மரப்பலகையில் உட்கார்ந்திருந்த ரெமிஹியோ சிரித்தார்.

"பாத்தீங்களா கொமாத்ரே? நீங்க சரின்னு சொல்றதுக்குள்ள பொண்ணு உடுத்தியே பாத்துட்டா."

ரெமிஹியோ மேலாற்று டவுனில் சுற்றுலாக் கம்பெனி நடத்துகிறவர். வெளியூர்க்காரர்களைக் காலையில் மோட்டார் படகில் ஏற்றி, நாப்போ ஆற்றோடு கீழே கொண்டுவந்து, பெர்த்திலாவின் கரையில் இறக்குவார். பெர்த்திலா அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், மத்தியானம் இலையில் பொதிந்து சுட்ட மீனைச் சாப்பிட வைத்து, சாயங்காலம் பத்திரமாகப் படகேற்றிவிடுவாள். அது தொழில். ஆனால் தொழிலுக்கும் மேலே ஓர் உறவு இருந்தது. பெர்த்திலாவின் ஒரே மகள் யாதிராவுக்கு ஞானஸ்நானத்தின்போது தலையைத் தாங்கிப் பிடித்த ஞானத்தகப்பன் அவர். அதனால் அவள் அவருக்குக் கொமாத்ரே. அவர் அவளுக்குக் கொம்பாத்ரே. கொம்பாத்ரே வந்து ஒன்று கேட்டால், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அந்த ஆற்றங்கரையில் யாரும் செய்யாத காரியம். சொந்த அண்ணனிடம்கூடச் சண்டை போடலாம், கொம்பாத்ரேயிடம் கூடாது.

அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரெமிஹியோ அவள் புருஷன் லிசார்தோவைச் சட்டையில்லாமல் வேஷம் கட்டி மரத்தடியில் நிறுத்தினார். இன்றைக்கு மகளுக்காக வந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து யாதிரா வந்தாள். பதினெட்டு வயது. தலையில் பஞ்சவர்ணக்கிளி இறகுக் கிரீடம். அது நெற்றியைத் தாண்டிப் புருவத்தில் சரிந்தது.

"அப்பாவுக்கு என்ன இவ்ளோ பெரிய தலை" என்று சிரித்தாள் அவள்.

பெர்த்திலாவுக்குச் சிரிக்க வரவில்லை. கிண்ணத்தை எடுத்து, வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய முறையில், ரெமிஹியோவிடம் நீட்டினாள். எதிரியே வந்தாலும் முதலில் சிச்சாக் கிண்ணம், பிறகுதான் பேச்சு. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

வியாபாரம் படுத்துவிட்டதாம். எல்லோரும் இதே எறும்பு, இதே கொடி, இதே மரத்தைத்தான் காட்டுகிறார்களாம். வருகிறவர்கள் மனுஷரைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம், சட்டை போடாத, வெளி உலகம் தெரியாத, படத்தில் வருகிற மாதிரி மனுஷரை. யாதிரா ஒரு மணி நேரம் இலவ மரத்தடியில் நின்றால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பதிலுக்கு, டவுனில் அவள் நர்ஸ் படிப்பு படித்து முடிக்கும்வரை தங்குவதும் சாப்பிடுவதும் ஞானத்தகப்பன் பொறுப்பு.

"வேணாம் கொம்பாத்ரே" என்று தொடங்கினாள் பெர்த்திலா.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். எனக்காக. லிசார்தோ இருந்தா மறுத்திருப்பானா?"

மறுத்திருக்க மாட்டான். அதுதான் நெஞ்சைக் கிழித்தது.

ஆற்றில் மோட்டார் சத்தம் கேட்டது. பயணிகள் வந்துவிட்டார்கள். அவள் வாய் திறக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ரெமிஹியோ யாதிராவைக் குறுக்குப் பாதையில் முன்னால் அனுப்பிவிட்டார். விதைகளின் சத்தம் வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்குள் தேய்ந்து மறைந்தது.

லிசார்தோவைப் பற்றிச் சொல்லாமல் பெர்த்திலாவைப் பற்றிச் சொல்ல முடியாது. கால்பந்து என்றால் உயிரை விடுகிற மனுஷன். தன் அணியின் மஞ்சள் சட்டையைத் துவைக்கக் கொடுக்கவே மாட்டான், கொடுத்தால் ஜெயிக்கிற ராசி போய்விடும் என்பான். அப்படிப்பட்டவன் வாரத்தில் பல நாள் அந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தில் செஞ்சாந்து பூசி, ஈட்டியோடு இலவ மரத்தடியில் நின்றான். அப்போதும் பயணிகளை அழைத்துப் போனது பெர்த்திலாதான். மரம் வந்ததும் ரெமிஹியோ குரலைத் தாழ்த்தி, இவன் யாரோடும் பேசாத கூட்டத்தைச் சேர்ந்தவன், கிட்டே போகாதீர்கள் என்று எச்சரிப்பார். பெர்த்திலா தன் புருஷனைக் கடந்து, யாரோ ஒருவனைக் கடப்பது போல நடக்க வேண்டும். தோள்பையில் வாழையிலையில் பொதிந்த மரவள்ளி மாவு இருக்கும். தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்தால் சிச்சா. வெயிலில் நிற்கிற புருஷனுக்கு ஒரு கிண்ணம் கரைத்துக் கொடுக்க அவள் கை துடிக்கும். கொடுக்க முடியாது. காட்டு மனுஷனுக்கு வழிகாட்டியின் பையில் இருக்கும் சிச்சா எப்படித் தெரியும்?

ஒரு மழை நாளிலும் அவன் நின்றான். அன்றைக்குப் பிடித்த இருமல் நெஞ்சில் இறங்கி, அவனைக் கொண்டுபோய்விட்டது. மஞ்சள் சட்டையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் டவுனில், கம்பெனியின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய படத்தில், அவன் இன்னும் கிரீடத்தோடு நிற்கிறான். உப்பும் சோப்பும் வாங்கப் போகும்போதெல்லாம் பெர்த்திலா எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிப் போவாள்.

அன்றைக்கு வந்தவர்கள் தலைநகரத்துக்காரர்கள் சிலரும் வெளிநாட்டு ஜோடி ஒன்றும். பெர்த்திலா எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே தேள் இருக்கிறதா என்று தலைகீழாகத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். எப்போதும் போல வேடிக்கை காட்டித்தான் அழைத்துப் போனாள். சிறு மரத்தின் தண்டைப் பிளந்து, உள்ளே ஓடிய எறும்புகளை நாக்கில் வைத்து, எலுமிச்சை மாதிரி புளிக்கும் என்றாள். பட்டையைக் கீறி, ரத்தம் போல வடிந்த பாலைக் கொசு கடித்த கைகளில் தேய்த்துவிட்டாள்.

பெரிய வயிறும் புதுத் தொப்பியுமாக இருந்த ஒருவர், நாலு மணிக்குள் மலைப்பாம்பைப் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

"சொல்லி வெச்சிருந்தேன் ஐயா. இன்னிக்கு அதுக்கு லீவாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் முன்னால் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு அடியும் இலவ மரத்தை நோக்கி எடுத்து வைக்கிற அடியாக இருந்தது. மேலே தூக்கணங்குருவிகள் போலக் கூடு தொங்கவிடும் மஞ்சள்வால் பறவைகள் தண்ணீர் சொட்டுகிற குரலில் கூப்பிட்டன. வழக்கமாக அங்கே நிறுத்தி, மூச்சுக்கூட விடாமல் கேளுங்கள் என்பாள். அன்றைக்கு நிற்கவில்லை.

மரம் வந்தது. வீட்டுச் சுவர் போல எழுந்த அதன் வேர்களுக்கு நடுவே யாதிரா நின்றாள். கன்னத்தில் செஞ்சாந்து. கையில் அப்பாவின் ஈட்டி. வெற்றுத் தோளில் கொசு மொய்த்தது, விரட்டக்கூட அவள் கை அசையவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

ரெமிஹியோ குரலைத் தாழ்த்தினார். இது பேச்சு தெரியாத கூட்டம், பயந்துவிடும், தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதே வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை. பிறகு பெர்த்திலாவைப் பார்த்துத் தலையசைத்தார், முன்னால் நட என்பது போல.

பெர்த்திலா நடந்தாள். மூன்று அடி. நான்கு அடி. மகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். மகளின் கண்கள் அம்மாவைப் பார்க்காமல் காற்றைப் பார்த்தன. லிசார்தோவின் கண்களும் இப்படித்தான் பார்க்கும். பெற்ற வயிறு அதைத் தாங்குமா?

அவள் நின்றாள்.

"யாதிரா, காலைல எதுவும் குடிக்காமயே கிளம்பிட்ட இல்ல?"

பெர்த்திலா வேரின்மேல் உட்கார்ந்து, பையைத் திறந்து, இலைப் பொதியைப் பிரித்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நிதானமாக மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

"அம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் யாதிரா. "மானத்த வாங்காத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உங்கப்பன் இதே எடத்துல தாகத்தோட நின்னான். நான் இதே பையோட பக்கத்துல போனேன். ஒரு வாய் குடுக்க விடல. உன்னையும் அப்படித் தாண்டிப் போறதுக்கு என்னால ஆகாது. குடி."

யாதிராவுக்கு இது தெரியாது. அப்பா வேஷம் போட்டார், காசு வந்தது என்பது மட்டுமே தெரியும். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காற்றைப் பார்த்த கண்கள் இப்போது உண்மையாகவே பார்த்தன. ஈட்டியை வேரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினாள். குடிக்கத் தலை சாய்த்தபோது கிரீடம் கழன்று சேற்றில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ரெமிஹியோ உரக்கச் சிரித்து, கொமாத்ரே கொஞ்சம் விளையாட்டுக்காரி என்று சமாளிக்கப் பார்த்தார். புதுத் தொப்பிக்காரர் விடுவதாக இல்லை.

"அப்ப அந்தப் பழங்குடி எங்கம்மா?"

"நாங்கதான் ஐயா. இவ என் மக. நர்ஸ் படிக்கப் போறா. இந்தக் காடு எங்களோடது. வேற யாரையாவது எதிர்பாத்து வந்தீங்களா?"

அவர் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டார். வெளிநாட்டுப் பெண், தானும் அந்தக் கிண்ணத்தில் குடிக்கலாமா என்று சைகையில் கேட்டாள். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பூட்ஸைப் பார்த்தார்கள். பெர்த்திலா தன் மழைச்சட்டையை மகளின் தோளில் போட்டு, சேற்றில் கிடந்த கிரீடத்தை எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் யாதிரா முன்னால் நடந்தாள். விதைப் பாவாடை சலசலத்துக்கொண்டே வந்தது, ஆனால் அந்தச் சத்தத்தில் இப்போது பயமில்லை.

படகைத் தன் ஆளோடு அனுப்பிவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில் ரெமிஹியோ படியேறி வந்தார். மரப்பலகையில் அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பெர்த்திலா எதிரே உட்கார்ந்தாள். மூலையில் சிச்சாப் பானை நிறைந்திருந்தது. அதன்மேல் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

ரெமிஹியோ காத்திருந்தார். பானையைப் பார்த்தார். அவளுடைய கைகளைப் பார்த்தார். அவை மடியில் சும்மா கிடந்தன. அந்த ஆற்றங்கரையில் பிறந்த எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். முகத்தில் அடித்திருந்தால்கூட அவர் அப்படிச் சிவந்திருக்க மாட்டார்.

"ஒரு கிண்ணத்துக்குக்கூட நான் ஆகாதவனாயிட்டேனா?"

அவர் எழுந்து நின்று கத்தினார். நாளையிலிருந்து தன் படகு ஒன்றுகூட இந்தக் கரையில் நிற்காது என்றார். மற்ற கம்பெனிக்காரர்களிடமும் சொல்லிவிடுவேன், பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றார். யாதிராவின் படிப்பை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

கடைசிக் கேள்வி அவளைக் குத்தியது. ராத்திரிகளில் அவள் தூக்கத்தைக் கெடுக்கப்போகிற கேள்வி அது. ஆனாலும் பெர்த்திலா நிமிர்ந்தாள்.

"நான் பாப்பேன். கிழங்கு விப்பேன், மீன் சுட்டு விப்பேன். கரையில நானே பலகை எழுதி வெப்பேன், எங்க காட்டப் பாக்க வர்றவங்க என்கிட்ட வரட்டும். வராட்டியும் போகட்டும். என் மக யாருக்கும் வேடிக்கைப் பொருளா நிக்க மாட்டா, தோன் ரெமிஹியோ."

அந்நியரை மரியாதைக்கு அழைக்கிற 'தோன்' போட்டாள், கொம்பாத்ரே என்று அவள் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

உள்ளறையிலிருந்து யாதிரா வந்தாள். பழைய பாவாடையும் சட்டையும் உடுத்தியிருந்தாள். முகத்தில் சாந்து பாதி கழுவப்பட்டு, காதோரம் இன்னும் சிவப்பாக இருந்தது. விதைப் பாவாடையையும் சேறு படிந்த கிரீடத்தையும் துணியில் மூட்டையாகக் கட்டி, ஞானத்தகப்பனின் காலடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க ஞானப்பா" என்றாள். "தங்குற எடம் நானே தேடிக்கிறேன்."

ரெமிஹியோ மூட்டையை எடுத்தார். வாசல்வரை போனவரைப் பெர்த்திலா நிறுத்தினாள்.

"கண்ணாடிக் கதவுல இருக்குற அந்தப் படத்தக் கழட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் டவுனுக்கு வருவோம். அப்பவும் இருந்தா நான் கழட்டுவேன். கண்ணாடி உடைஞ்சா உடையட்டும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படிகளில் இறங்கினார். மூட்டைக்குள் விதைகள் ஒவ்வொரு படிக்கும் சலசலத்தன. அந்தச் சத்தம் முற்றத்தைத் தாண்டி, கரையைத் தாண்டி, ஆற்றின் இரைச்சலில் கரையும்வரை பெர்த்திலா வாசலிலேயே நின்றாள்.

பிறகு கதவைச் சாத்தினாள்.