விபூதி அடைத்த நாஸில்

சர்ர்க், சர்ர்க் என்று பிரிண்டருக்குள் மை தெளிக்கும் இன்க்ஜெட் ஹெட் ஓடும் ஓசை எங்கே கேட்டாலும், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒன்று என்னுள் விடிந்துவிடும். இரண்டாயிரத்தைத் தாண்டிய ஆண்டுகள். இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெருவில் பனி. முதலாளியிடம் சம்பளத்துக்கு நான் பிரிண்டர் பழுது பார்த்த கடை.

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துச் செல்வி அப்போது பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. மின்சாரம் கடத்தும், அது பாய்ந்தால் நிறம் மாறும் பாலிமரை மையாக்கி, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து டிஸ்ப்ளே செய்யப் பார்த்தாள். பழைய பிரிண்டர் ஒன்றின் கார்ட்ரிஜைக் கழுவி, அவளுடைய நீல மையை நிரப்பிக் கொடுத்திருந்தேன். அன்று மாலை பேராசிரியரிடம் ஓர் எழுத்தாவது தெரியக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவார்கள்.

பிரிண்ட் கொடுத்தோம். பல் உடைந்த சீப்பு மாதிரி இடையிடையே வெறுமை. மூடியைத் திறந்தால் ஹெட்டின் மேல் முதல்நாள் பூஜையில் இட்ட மூன்று பட்டை, நடுவில் குங்குமம். உதிர்ந்த விபூதி, ஹெட் ஓய்வெடுக்கும் பஞ்சில் படிந்து, மை பீச்சும் நுண்துளைகளான நாஸில்களை அடைத்திருந்தது.

"முதலாளி! உள்ளுக்கெல்லாமா பட்டை போடுவீங்க?"

"வேல செய்யிறது உள்ளுக்குத்தானேப்பா!"

செல்வி முகம் வாடியது. "மை கொஞ்சந்தான் மிச்சம் அண்ணே. ஒரு தாளுக்குத்தான் காணும்."

ஊசியால் குத்தினால் ஹெட் போய்விடும். காய்ச்சி வடித்த நீரை இளஞ்சூடாக்கித் துணியில் நனைத்து, ஹெட்டை அதன்மேல் ஊறவிட்டேன். பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போல முதலாளி, "வந்துருச்சா? வந்துருச்சா?" என்றார். முதலில் வெறுந் தண்ணீரை அடித்தோம். எல்லாக் கோடுகளும் ஈரமாய் விழுந்தன. பிறகே மிச்ச மை.

தாள் காய்ந்தது. பூஜைக்கு முன்பே அடித்துவைத்த இன்னொரு தாளோடு, நடுவில் ஜெல் தடவி ஒட்டினாள் செல்வி. டார்ச் பேட்டரியின் வயரைத் தொட்டாள். வெளிறிய தாளுக்குள்ளிருந்து 'அ' மெல்ல, மெல்ல, கருநீலமாய் எழுந்தது. வயரை மாற்றித் தொட்டதும் மங்கி மறைந்தது.

"இன்னொருக்கா தங்கச்சி, இன்னொருக்கா!"

"ரயில் போயிரும் முதலாளி!"

தொழில் பழகும் தம்பிமாரே, தங்கைமாரே, அன்று கற்றது இதுதான்: பூஜை வந்தால் மெசினைத் துணியால் மூடுங்கள். பொட்டு வைப்பதானால் அந்தத் துணிக்கு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, நாஸில் கோபித்துக்கொள்ளும்.

மூவரும் ஸ்டேசனுக்கு ஓடினோம். ரயில் நகர, செல்வி வாசல் கம்பியைப் பிடித்தபடி கத்தினாள்:

"ஹட்டன்ல ஒரு கடையில அடிச்சதுன்னா நம்பமாட்டாங்க அண்ணே!"

எனக்கு முந்தி முதலாளி ரயிலோடு ஓடினார்.

"நம்பாட்டி இங்கயே கூட்டிட்டு வாம்மா! டீ நான் தாறேன்!"